எதிர்த்தடத்திலிருந்து வந்த கார்

என் கார் மீது மோதியவர் தூங்கிவிடவில்லை, குடித்திருக்கவுமில்லை. சாக நினைத்து, எதிரே வந்த வண்டி மீது வேண்டுமென்றே மோதியிருக்கிறார். அவரும் பிழைத்துவிட்டார், நானும் பிழைத்துவிட்டேன். காலில் கம்பி வைத்துப் படுத்திருந்தபோதுதான் இந்த விவரம் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த விசாரணை, மனநல மதிப்பீடு, காப்பீட்டு இழுபறி, நீதிமன்றம் எல்லாம் எப்படி நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இப்படி ஒன்றில் மாட்டிக்கொள்ளும் இன்னொருவருக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பார்க்க வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "பாவம், மனசு சரியில்லாதவர், விட்டுடுங்க" என்பது ஒரு கட்சி. "எல்லாம் தப்பிக்கப் போடுற வேஷம்" என்பது இன்னொன்று. நோய் இருந்தால் பொறுப்பு இல்லை, பொறுப்பு இருந்தால் நோய் பொய் என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. நானும் சில வாரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடினேன். வழக்கு தொடங்கிய பிறகுதான் புரிந்தது, நோய் இருக்கிறதா என்பது அங்கே ஆரம்பக் கேள்வி மட்டுமே.

முதலில் வந்தது காரின் சாட்சி. இப்போதைய கார்கள் பலவற்றில், காற்றுப்பை விரியும்போது அதற்கு முந்தைய சுமார் 5 விநாடி விவரங்களைப் பதிந்துவைக்கும் கருவி உண்டு. வேகம் என்ன, ஆக்ஸிலரேட்டரில் கால் இருந்ததா, பிரேக் மிதிபட்டதா என்பதெல்லாம் அதில் இருக்கும். அவர் காரில் பிரேக் மிதிபடவே இல்லை, ஆக்ஸிலரேட்டர் முழுக்க அழுந்தியிருந்தது. விபத்து என்ற பெயர் அன்றோடு போயிற்று. ஆனால் அந்த நேரத்தில் அவர் தலைக்குள் என்ன ஓடியது என்பதை எந்தக் கருவியும் பதிவதில்லை. அதற்குத்தான் மனநல மதிப்பீடு.

மதிப்பீட்டைச் செய்தவர் அவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் அல்ல, நீதிமன்றம் நியமித்தவர். அவரிடம் சொல்வது ரகசியமாக இருக்காது, அறிக்கையில் வரும். மோதியவர் பேச்சை மட்டும் நம்பி அதை எழுதுவதில்லை. பழைய மருந்துச்சீட்டு, கைப்பேசிச் செய்திகள், வீட்டார் சொன்னது, சம்பவ இடத்துக்கு முதலில் வந்த காவலரின் குறிப்பு எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். நடிப்பைக் கண்டுபிடிக்கவென்றே தனிச் சோதனைகளும் உண்டு. வேஷம் என்று சொன்ன உறவினர்களுக்கு இதை விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்தது.

இதற்குள் இரண்டு கேள்விகள் தனித்தனியாக இருக்கின்றன. இப்போது வழக்கைப் புரிந்துகொண்டு தன் வக்கீலோடு பேசும் நிலையில் அவர் இருக்கிறாரா என்பது ஒன்று. இல்லையென்றால் வழக்கு நிற்கும், சிகிச்சை நடக்கும், விடுதலை ஆகாது. மோதிய அந்த நேரத்தில் மனநிலை என்ன என்பது மற்றொன்று. பல நாடுகளின் சட்டத்துக்கு இதில் வேர் 1843இல் இங்கிலாந்தில் உருவான மெக்நாட்டன் விதி. பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்ற டேனியல் மெக்நாட்டன், மனநிலை சரியில்லாதவர் என்று விடுவிக்கப்பட்டார். அதில் கிளம்பிய கொந்தளிப்பில் பிறந்த விதி அது. மனநோயால் தான் செய்வது என்னவென்றே தெரியாதவராக, அல்லது அது தவறு என்று உணராதவராக இருந்திருந்தால்தான் பொறுப்பிலிருந்து விலக்கு. வெறும் நோய்ப்பெயர் போதாது.

அறிக்கையின் பகுதிகளை நீதிமன்றத்தில் படித்தார்கள். கடுமையான மனச்சோர்வு உண்மை. இல்லாத குரல்கள் கேட்கவில்லை, இல்லாததை நம்பவுமில்லை. எதிரே வரும் காரில் ஆள் இருப்பது அவருக்குத் தெரியும். ஆக, முழு விலக்கு கிடையாது. தண்டனையைக் குறைப்பதற்கு மட்டும் நோய் கணக்கில் எடுக்கப்பட்டது.

இந்த இடத்தில் பலர் கலிபோர்னியா வழக்கைச் சொல்லிக் கோபப்பட்டார்கள். 2023 ஜனவரியில் ஒருவர் மனைவி, இரண்டு குழந்தைகளோடு காரைக் கடலோரப் பாறைச்சரிவில் இறக்கினார். நால்வரும் பிழைத்தார்கள். 2024இல் நீதிமன்றம் அவரை, வழக்கை நடத்துவதற்குப் பதிலாக, சிகிச்சை வழியில் அனுப்பியது. அந்த மாநிலச் சட்டத்தில் அப்படி ஒரு வழி இருக்கிறது, கொலைக் குற்றத்துக்குக் கிடையாது, கொலை முயற்சிக்கு உண்டு. அவருக்கு மனச்சோர்வோடு, இல்லாத ஆபத்தை உண்மையென்று நம்பும் நிலையும் இருந்ததாக மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். இரண்டு வழக்குக்கும் இடையில் வித்தியாசம் அங்கேதான்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது வேறொரு தீர்ப்பு. 1970இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் தந்தது. கடவுளே ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பேட்மேன் போலப் பறக்கலாம் என்று நம்பி ஒரு பெண் லாரியில் மோதினார். எந்த முன்னறிகுறியும் இல்லாமல் திடீரென்று புத்தி தடுமாறினால் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அவருக்கு முன்பே இத்தகைய காட்சிகள் வந்திருந்தன, அது தெரிந்தும் வண்டி எடுத்ததால் இழப்பீட்டுப் பொறுப்பு உண்டு என்றது. அதாவது, மோதிய நிமிடத்தை மட்டும் பார்க்காமல், சாவியை எடுத்த நேரத்தையும் பார்க்க வேண்டும்.

எங்கள் வழக்கிலும் அதுதான் எனக்கு உறுத்தியது. வண்டி ஓட்ட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாத்திரையை மோதியவர் தானாகவே நிறுத்தியிருந்தார். சரி, இங்கேதான் பொறுப்பு என்று நினைத்தேன். அப்புறம் அவர் தங்கை நீதிமன்ற வராந்தாவில் என்னிடம் வந்தாள். "அக்கா, மன்னிப்புக் கேட்கக்கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்கார், இருந்தாலும் வந்துட்டேன். மாத்திரையை நிறுத்தினதும் அண்ணனே பயந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். மூணு வாரம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாங்க" என்றாள். அந்த மூன்று வாரத்துக்குள்தான் மோதல். அந்த ஆஸ்பத்திரியை எந்தக் கூண்டிலும் யாரும் ஏற்றவில்லை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் துன்புறுத்துவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இதைப் படிப்பவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. "வேண்டுமென்றே செய்த செயல், விபத்து அல்ல" என்று அவருடைய காப்பீட்டு நிறுவனத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். மோதியவருக்கு அது வேண்டுமென்றே செய்தது, மோதப்பட்டவருக்கு எதிர்பாராதது என்று என் வக்கீல் வாதாடினார். மாதக்கணக்கில் இழுத்தது, கடைசியில் சிகிச்சைச் செலவைத் தந்தார்கள். ஒவ்வொரு ரசீதும் கேட்டார்கள், பிசியோதெரபிக்குப் போன ஆட்டோச் சீட்டு வரை.

தண்டனைக்கு முன், பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் என் பேச்சையும் கேட்டார்கள். இருட்டில் எதிரே விளக்கு வந்தால் கை நடுங்குவதைச் சொன்னேன். அதற்காக நானும் மனநல மருத்துவரைப் பார்க்கிறேன் என்றேன். சிறைக்காலத்தைக் கூட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. நான் கேட்டது உரிமம் பற்றி மட்டும்: திருப்பித் தருவதாக இருந்தால், மாத்திரை தொடர்கிறது என்று சிகிச்சை தரும் மருத்துவரே எழுதித் தர வேண்டும், வீட்டார் வாய்மொழி போதாது. தீர்ப்பில் குறைக்கப்பட்ட சிறைத்தண்டனை, கட்டாயச் சிகிச்சை, உரிமம் ரத்து எல்லாம் வந்தன. நான் கேட்ட நிபந்தனையும் அதில் இருக்கிறது. உரிமத்துக்கு அவர் மறுபடி விண்ணப்பித்தால் எனக்கும் தகவல் வர வேண்டும் என்பதை நீதிபதியே சேர்த்துக்கொண்டார்.