கால் டாப்ளர் எடுக்கப் போகிறீர்களா? சீட்டை ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள்

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அப்பாவுக்கு 72 வயது, குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுதான் தொழில், சர்க்கரை உண்டு, பீடியை விட்டும் ரொம்ப காலம் ஆகவில்லை. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடும், திரும்ப நடந்தால் அதே கதை. பார்க்கிறவர்கள் எல்லாம் வயசுக் கோளாறு என்றார்கள். உள்ளூர் டாக்டர்தான் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி சுருங்கியிருக்கலாம் என்று, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டர். வடசேரியில் இறங்கி, மதியம் வரை காத்திருந்து, கையில் வாங்கிய ரிப்போர்ட்டில் 'ரத்தக்கட்டி இல்லை, நார்மல்'. அப்பாடா என்று டாக்டரிடம் நீட்டினால், அது வீனஸ் டாப்ளராம்! ரத்தம் திரும்பி வரும் சிரைகளைப் பார்த்திருக்கிறார்கள், நமக்குத் தேவையான, தமனிகளைப் பார்க்கும் ஆர்ட்டீரியல் டாப்ளரை எடுக்கவே இல்லை. சீட்டில் 'இரண்டு கால் டாப்ளர்' என்று மட்டும் இருந்ததாம். கவுண்டரில் கேட்டதற்கு, "எழுதுனதத்தானே எடுக்க முடியும் சாரே" என்று பதில். பணமும் திரும்பவில்லை.

இதற்கு நடுவில் ஒரு முகாமில் கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்து 1.45 என்றார்கள். ஒன்றுக்கு மேலே, சூப்பர் என்று அனுப்பியும் விட்டார்கள். 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு என்பது சரி, ஆனால் 1.4-ஐத் தாண்டினாலும் சந்தேகப்பட வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, பிரஷர் பார்க்கும் பட்டையால் அமுக்கினாலும் அது அமுங்காது, அதனால் பொய்யான எண் வரும். அப்போது கால் பெருவிரலில் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியில் திருவனந்தபுரம் போனோம். அங்கே கால் முடிந்ததும் கழுத்திலும் ஸ்கேன் வைத்தார்கள், கால்வலிக்குக் கழுத்து எதற்கு என்று அப்பா முறைத்தார். டாக்டர் விளக்கினார்: வயதாக ஆகத் தமனிக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் இழைகள் சிதைந்து விறைப்பான கொலாஜன் கூடுகிறது, உள்சுவர் குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைவாகச் சுரக்கிறது, அதனால் நடக்கும்போது தேவையான அளவு குழாய் விரியாது. பெருந்தமனியும் விறைத்துப்போனால் இதயத்துடிப்பின் அடி தணியாமல் மூளையின் நுண்குழாய்கள் வரை போகுமாம். காலில் அடைப்பு இருப்பவருக்குப் பக்கவாத ஆபத்தும் கூடுதல் என்பதால்தான் மூளைக்குப் போகும் தமனி இருக்கும் கழுத்தையும் பார்த்தார்கள். கழுத்தில் சின்னப் படிவுதான், ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போதும் என்றதும்தான் மூச்சு வந்தது.

மருந்தோடு நடையும் உண்டு: வலி வரும்வரை நட, நில், திரும்ப நட, வாரம் மூன்று நாளாவது அரை மணி நேரம், குறைந்தது 12 வாரம். "வலிக்குன்னு வந்தா, வலிக்க நடக்கச் சொல்லுதாரே" என்று அப்பா புலம்பிக்கொண்டேதான் நடக்கிறார்.

நீங்கள் போனால் சீட்டில் 'ஆர்ட்டீரியல்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், படுக்கையில் ஏறும் முன் இன்னொரு முறை கேளுங்கள். கால் திடீரென்று சில்லிட்டு வெளுத்தால் இந்தச் சீட்டு, வரிசை எதற்கும் நிற்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.