பூத்த ராத்திரியிலிருந்து

ஜூன் 8

டிராகன் பழச் செடியில் மொட்டு நுனி வெளுத்து, வாய் லேசாகத் தளர்ந்திருக்கிறது. நாளை ராத்திரிதான்.

ஜூன் 9, நள்ளிரவு

பொழுது சாய்ந்ததும் விரிய ஆரம்பித்தது. இப்போது தோட்டம் முழுக்க வெள்ளை. ஒவ்வொரு பூவும் ஒரு அடி நீளம். சிவப்புச் சதை ரகத்துக்கு அதன் சொந்த மகரந்தம் பெரும்பாலும் பிடிப்பதில்லை, அதற்காகத்தான் நடுவில் வெள்ளை ரகத்தையும் நட்டோம். வெள்ளையிலிருந்து மஞ்சள் தூளைக் கிண்ணத்தில் தட்டி எடுத்து, சிவப்பின் நடுக்காம்பு நுனியில் தூரிகையால் தடவுகிறோம். அந்த நுனி விரல் விரலாகப் பிரிந்து பிசுபிசுவென்று இருக்கிறது, தூள் பட்டதும் பிடித்துக்கொள்கிறது. விடிந்து வெயில் ஏறினால் பூ மூடிவிடும், மறுபடி திறக்காது. இதன் பூர்வீகமான மத்திய அமெரிக்காவில் வௌவாலும் அந்துப்பூச்சியும் இந்த வேலையைப் பார்க்கின்றன. இங்கே அண்ணனும் நானும். "காலையில தேனீ வராதா?" என்றார். வரும். அதை நம்பி விட்டுவிட மனசு வரவில்லை.

ஜூன் 10

விடியற்காலை மழை. நல்லவேளை, தடவி முடித்திருந்தோம்.

ஜூன் 15

மஞ்சளடித்த பூக்கள் உதிர்ந்துவிட்டன. பச்சை அடியோடு நிற்பவைதான் காய். நிறையவே நிற்கின்றன! காய்ந்த இதழ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தோம், விட்டால் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஜூன் 17

பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்தார்கள். காற்று இந்தப் பக்கம்.

என்ன மருந்து என்று கேட்டுப் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் பழம் கப்பலேறிப் போக வேண்டிய ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு மருந்தின் எச்சத்துக்கு ஒரு பயிரில் தனி வரம்பு வைக்கவில்லையென்றால் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான். அதாவது ஒரு டன் பழத்தில் 10 மில்லிகிராம். மாம்பழத்துக்கும் வாழைக்கும் உலகமெங்கும் பல காலமாக ஆய்வு செய்து, பல மருந்துகளுக்குத் தனி வரம்பு வாங்கியிருக்கிறார்கள். புதுப் பயிருக்கு அதையெல்லாம் யார் செய்து வைத்திருக்கிறார்கள்? வேறு பழத்தில் தேறிவிடும் அளவு, இதில் கன்டெய்னரையே திருப்பி அனுப்பப் போதும். நாங்கள் ஒரு சொட்டு அடிக்கவில்லை. ஆனால் சோதனைக் கருவிக்கு யார் அடித்தது என்று தெரியாதே.

ஜூன் 18

இன்றும் அதே காற்று.

ஜூன் 26

எறும்பு பிஞ்சின் செதிலைக் கடிக்கிறது. செடி ஏறி நிற்கும் தூண் அடியில் பசை பூசினோம். காய்களுக்கு வலைப்பை போட்டாயிற்று, பழ ஈக்காக. ஈ விஷயத்தில் நாடுகள் விட்டுக்கொடுப்பதே இல்லை. வியட்நாம் டிராகன் பழம் 2008இல் அமெரிக்காவுக்குள் போனதே கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பிறகுதான்.

அண்ணன் இன்று எதுவும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 4

நிறம் திரும்பிவிட்டது! நேற்று பச்சையாக இருந்தது இன்று ரோஸ்.

ஜூலை 6

மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். பக்கத்துத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வேலியோரத்து வரிசையிலிருந்தும் எடுத்துப் போட்டேன். அங்கே எச்சம் இருந்தால் இப்போதே தெரியட்டும்.

ஜூலை 8

இது பறித்த பிறகு பழுக்கிற பழம் இல்லை. இனிப்பு எவ்வளவு ஏறுகிறதோ அது செடியில்தான். சீக்கிரம் அறுத்தால் சப்பென்று இருக்கும், தாமதித்தால் தோல் வெடிக்கும், கப்பலில் தாங்காது. நடுவில் சில நாள்தான். பழம் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது செதிலை. நுனி பச்சையாக நின்றால் புதுசு, சுருங்கிக் கறுத்தால் பழசு. உள்ளே தேனாக இருந்தாலும் சரி, செதில் வாடினால் விலை விழும். ராத்திரி டார்ச் அடித்துச் செதில்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அழகாக இருக்கின்றன, ஒவ்வொன்றும்.

ஜூலை 9

அறிக்கை வரவில்லை. இரண்டு தடவை போன் செய்தேன்.

ஜூலை 10

மேற்கு வரிசையில் ஒரு பழம் வெடித்திருக்கிறது. இனி நிறுத்தி வைக்க முடியாது. இழுத்துப் பறித்தால் அடி கிழியும், காம்போடு வெட்டத்தான் வேண்டும் என்று ஆட்களுக்குக் காட்டிக் கொடுத்தேன். அண்ணன், "ரிப்போர்ட் வர்ற வரைக்கும் உள்ளூருக்குப் பேசி வைக்கட்டுமா?" என்றார். வேலியோரத்துப் பழத்தைத் தனிப் பெட்டியில் போடுங்க அண்ணா, மதியம் வரை பார்ப்போம் என்றேன். குளிரறையை இப்போதே ஓடவிட்டாயிற்று. போன் அடிக்கிறது.