பரதராமியில் என்ன பேசுவார்கள்?

சப்-இன்ஸ்பெக்டர் தேர்வில் இரண்டு முறை நேர்முகம் வரை போனேன். முதல் முறை கிடைக்கவில்லை. சொந்த ஊர் குடியாத்தம். அப்பா கைத்தறியில் லுங்கி நெய்தவர்.

எழுத்துத் தேர்வு தேறிவிட்டேன். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும், அதையும் ஓடிவிட்டேன். நேர்முகத்துக்கு 10 மதிப்பெண்தானே, பொது அறிவைப் புரட்டினால் போதும் என்றார்கள். நம்பினேன்.

"குடியாத்தமா? பரதராமிப் பக்கம் வீடுகள்ல என்ன பேசுவாங்க?"

"தமிழ், சார்."

"தெலுங்கு பேசுறவங்க இல்லையா? ஒரு அம்மா அழுதுகிட்டே வந்து தெலுங்குல சொன்னா, புகாரை எப்படி எழுதுவீங்க?"

வாயடைத்துப் போனேன். சித்தூர் ரோட்டில் ஆந்திர எல்லையோரம் இருக்கிற ஊர். பஸ்ஸில் எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன், ஒருநாளும் இறங்கியதில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் கிளம்பிவிடுவேன். பரதராமி டீக்கடையில் "ஏம் ஜரிகிந்தி?" என்று கேட்கப் பழகினேன். பேரணாம்பட்டில் தோல் ஷெட்டுக்குப் போகும் அக்கா ஒருவர் "க்யா ஹுவா?"விலிருந்து தொடங்கி உருது சொல்லிக் கொடுத்தார். வைகாசி முதல் நாள் தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து கோபாலபுரம் கெங்கையம்மன் கோயில் வரை, அம்மன் தலையை எடுத்துப் போகிற சிரசு ஊர்வலத்தோடு நடந்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற திருவிழா, ஆனால் அந்த வருஷம் என் கண் முழுக்கக் கூட்டத்தின் மேல்தான். உடைத்த தேங்காய்த் தண்ணீரில் தெருவே வழுக்கியது. ஒரு பாட்டி விழுந்தார். தூக்கிவிடக் குனிந்தவர்கள் மேல் பின்னால் வந்தவர்கள் சாய்ந்தார்கள். சற்றுத் தள்ளி, அம்மாவைத் தொலைத்த ஒரு பையன் பலூன்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இரண்டாம் முறை கேட்டார்கள்: "திருவிழாவுல பிள்ளை காணாமப்போனா?"

"மைக்ல சொல்லச் சொல்லிட்டு, முதல்ல பலூன்காரரைக் கேப்பேன் சார். பொழுதுக்கும் பிள்ளைங்க அவரைச் சுத்தித்தான் நிக்கும்."

அந்த முறை தேர்வானேன்.

உள்ளூர்க்காரரைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். சொந்த ஊரில் சாதிக்காரர், சம்பந்தி என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். ஆனால் போகிற ஊரைப் படிக்கிற பழக்கம் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் நேர்முகமே கிடையாது. சண்டை நடக்கிற தெருவில் முதலில் போய் நிற்பவரே அந்தக் காவலர்தான். இது எனக்கு இன்றும் ஆறாத குறை.

ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில் ஒரு வருஷப் பயிற்சி முடிந்து ஜவ்வாது மலை அடிவாரத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மலையிலிருந்து வருகிறவர்கள் பேசியது தமிழ்தான், பாதி பிடிபடவில்லை. முதல் சந்தை நாளன்று ஏட்டையாவிடம் சொல்லிவிட்டு, சாதாரணப் புடவையில் போய், சாமை விற்ற அம்மா பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்துகொண்டேன். "எந்த ஊரும்மா?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.