யானைச் சேறும் பர்மாத் தேக்கும்

காரைக்குடியில் படச்சட்டம் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். இடித்த செட்டிநாட்டு வீடுகளின் தேக்கு மரம்தான் எங்களுக்கு மூலப்பொருள். கதவு நிலை, உத்தரம், வளவுத் தூணின் துண்டு என்று வருவதை அறுத்து இழைத்து, தஞ்சாவூர்ப் படங்களுக்கும் பழைய ரவிவர்மா அச்சுப் படங்களுக்கும் சட்டம் போடுவோம். நூறு வருஷத்து மரமானாலும் இழைப்புளி ஓடியதும் எண்ணெய் வாசனை குப்பென்று வரும்.

மீட்கப்பட்ட யானைகளைப் பராமரிக்கும் ஓர் அறக்கட்டளைக்காரர்கள் போன வருஷம் எங்களைத் தேடி வந்தார்கள். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் யானைகளைக் கொண்டு உருவான படங்களுக்குக் கண்காட்சி வைக்கிறார்களாம். விற்கிற பணம் தீவனத்துக்கும் வைத்தியத்துக்கும். "யானை துதிக்கையில பிரஷ் பிடிச்சு வரைஞ்சதா மேடம்?" என்று கேட்டேன். "அந்த வேலையை நாங்க செய்ய மாட்டோம் தம்பி" என்றார் வந்த அம்மா.

அவர் சொன்ன கதையை இங்கே சொல்லத்தான் வேண்டும். தாய்லாந்தில் 1989-இல் காட்டு மரம் வெட்டத் தடை வந்தது. காட்டுக்கு நல்லதுதான். ஆனால் மரம் இழுத்த யானைகளுக்கும் பாகன்களுக்கும் பிழைப்பு போயிற்று. நகரத் தெருக்களில் கையேந்தும் நிலை. ருஷ்யாவில் பிறந்த கோமர், மெலமிட் என்ற இரண்டு ஓவியர்கள் 1990-களின் கடைசியில் அந்த யானைகளுக்கு வண்ணம் தீட்டப் பழக்கினார்கள். 2000-இல் கிறிஸ்டீஸ் நிறுவனம் அந்தப் படங்களை ஏலம் விட்டது. பணம் வந்தது. அப்புறம் சுற்றுலா முகாம்கள் இதைப் பிடித்துக்கொண்டன. பூச்செடி, மரம், யானை உருவம் என்று அச்சுப் பிசகாமல் யானை வரைகிறதே, எப்படி? பக்கத்தில் நிற்கும் பாகன் காதைப் பிடித்து இழுக்கிற திசையில்தான் கோடு போகிறது. அதற்குப் பழக்குவதில் அடியும் உதையும் உண்டு. அந்தப் பணத்தில் யானைக்குச் சோறு போட்டால் அது பராமரிப்பு ஆகாது, கூலி வேலைதான்.

இவர்கள் முறை வேறு. யானை சேற்றில் புரண்டு எழுந்தால் எங்கேயாவது முதுகைத் தேய்க்கும். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அது வழக்கமாகத் தேய்க்கும் இடத்தில் கனமான காடாத் துணியைக் கட்டிவிடுகிறார்கள். தேய்த்தால் தேய்க்கட்டும், இல்லையென்றால் சும்மா கிடக்கட்டும். பதிந்த துணியைக் காயவைத்து, அதன் மேல் ஓவியர்கள் கொஞ்சமாகக் கோடு சேர்க்கிறார்கள்.

முதல் துணியை மேசையில் விரித்ததும் பட்டறையே கூடிவிட்டது. சித்திரை வெயிலில் வெடித்த கண்மாய் மாதிரி, தோலின் சுருக்கம் வரிவரியாகப் பதிந்திருந்தது. ஓரிடத்தில் கருப்பாக ஒரு முடி, கம்பி போல, சேற்றில் ஒட்டியே இருந்தது. எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே சட்டத்துக்குள் போனது.

தொழில் ரீதியாக இது லேசான வேலை இல்லை. காய்ந்த சேறு உதிரும். கண்ணாடி போட்டு நிமிர்த்தினால் கீழ்ச்சட்டத்தில் பொடி சேர்ந்துவிடும். கருவேலம் பிசினை நிறைய தண்ணீர் விட்டுக் கரைத்து, கொசு மருந்து அடிக்கிற பம்பில் பனிபோலத் தெளித்துக் காயவிட்டோம். கொஞ்சம் கெட்டியானாலும் சேறு பளபளக்கும். யானையின் நிறம் போய்விடும். துணியில் கண்ணாடி படாமல் இருக்க உள்ளே தேக்கு ரீப்பர் வைத்து இடைவெளி விட்டோம். யானை லத்தியில் செய்த காகிதத்தில் வரைந்த படங்களும் வந்தன. லத்தியைக் கழுவி, வேகவைத்து, கூழாக்கிச் செய்வதால் வாசனை துளியும் கிடையாது. உற்றுப் பார்த்தால் வைக்கோல் நார் தெரியும். தின்பதில் பாதியைக்கூட யானை செரிப்பதில்லை என்பதால் நார் அப்படியே வந்துவிடுகிறது.

சட்டத்துக்கு என்ன மரம் என்ற பேச்சு வந்தபோது முதலாளி யோசிக்கவே இல்லை. "பர்மாத் தேக்கே போடு. அதை இழுத்து வந்ததே யானைதானே" என்றார். அவர் சொன்னது உண்மை. பர்மாக் காட்டில் தேக்கை நின்ற இடத்திலேயே சுற்றிலும் பட்டை வெட்டி, மூன்று வருஷம் போலப் பட்டுப்போக விடுவார்கள். பச்சை மரம் தண்ணீரில் மிதக்காது. பிறகு வெட்டிச் சங்கிலி பூட்டி, யானைகள் ஓடைவரை இழுத்துவரும். மழை வெள்ளத்தில் மிதந்து, ஆற்றில் தெப்பமாகக் கட்டி, ரங்கூனுக்கு. அங்கிருந்து கப்பலில் வந்த மரம்தான் நம் வீடுகளில் தூணாக நிற்கிறது. வீட்டைக் கட்டிய செட்டியார் பெயர் தெரியும், ஆசாரி பரம்பரையும் சில ஊர்களில் தெரியும். அந்த யானைகளை யாரும் நினைப்பதில்லை. எனக்கும் இந்த வேலை வந்த பிறகுதான் அது உறைத்தது. நம் ஊர் அந்த யானைகளுக்குக் கடன்பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கண்காட்சிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் குன்றக்குடி சுப்புலட்சுமியைப் பற்றிப் பேசினார்கள். 2024 செப்டம்பரில் கொட்டகை தீப்பிடித்து இறந்துபோன கோயில் யானை. அதன் கையால் ஆசீர்வாதம் வாங்காத பிள்ளை இந்தப் பக்கம் அபூர்வம். ஓர் ஆச்சி பெரிய படம் ஒன்றை வாங்கிக்கொண்டு, "இந்தக் காசு ஆனைக்குத்தானே போகுது தம்பி, நல்லாக் கேட்டுக்கிட்டியா?" என்றார். கேட்டிருந்தேன். வளர்ந்த யானைக்கு நாளைக்கு 150 கிலோவுக்குக் குறையாமல் தீவனம் வேண்டும். வருஷக்கணக்கில் சிமெண்டுத் தரையில் கட்டிப்போட்ட யானை என்றால் பாதத்தில் புண்ணும் நகவெடிப்பும் இருக்கும். அதைக் கழுவி, நகம் சீவி, மருந்து போடுவது ஆயுள் முழுக்க நீளும் செலவு. எங்கள் பங்குக்கு மரத்துக்குக் காசு வாங்கவில்லை, கூலி மட்டும்தான்.

அதற்கப்புறம் ஒருவர் தாய்லாந்துச் சுற்றுலாவில் வாங்கிய யானை ஓவியத்தைச் சட்டம் போடக் கொண்டுவந்தார். அழகான பூங்கொத்து. நான் மறுக்கவில்லை, போட்டுக் கொடுத்தேன். காதை இழுக்கிற விஷயத்தை மட்டும் சொன்னேன். "யானை சந்தோஷமா இருந்த மாதிரிதான் தெரிஞ்சது" என்றார், கொஞ்சம் வருத்தமாக. எங்களிடம் இருந்த சேற்றுத் துணி ஒன்றை எடுத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். வாங்கவில்லை; அறக்கட்டளையின் போன் நம்பரை எழுதிக்கொண்டு போனார்.