பீரோ காலியாகிறது

நவம்பர் 8, 2025, சனி

பெரியம்மா அடுத்த மாதம் மகளோடு இருக்கக் கோவைக்குப் போகிறார். திருவல்லிக்கேணி வீட்டில் பெரியப்பாவின் இரண்டு பீரோ புத்தகங்கள் இப்போது என் தலையில். "எடைக்கு மட்டும் போட்டுடாதேடா, மத்தபடி உன் இஷ்டம்" என்றார்.

திறந்தால் அந்துருண்டை வாடை. சட்டப் புத்தகங்கள், ஆங்கில நாவல்கள், மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள். கீழ்த்தட்டில் ராமபாணப் பூச்சி தன் வேலையைக் காட்டியிருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

பாரதி சாலை நடைபாதை. கடைக்காரர் தார்ப்பாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பதும் என் மூட்டையைப் பார்ப்பதுமாக இருந்தார். கனமான சட்டப் புத்தகங்களைத்தான் முதலில் ஒதுக்கினார்.

"போன வருஷம் ஜூலையோட இது பேப்பர் ஆயிடுச்சு சார்."

சரிதான். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம்தான் பொருந்தும், வக்கீல்களுக்கு இன்னும் தேவைப்படும் என்று சொல்லிப் பார்த்தேன். "அவங்க கிட்ட ஏற்கெனவே இருக்கும் சார்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆங்கில நாவலுக்குத் தலா 20 ரூபாய். அதை 60, 70 என்று விற்பார். இதைக் கொள்ளை என்று சொல்பவர்கள் மழை நாளில் ஒரு முறை அங்கே நின்று பார்க்கட்டும். நனைந்த புத்தகத்தை யாரும் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை.

மாஸ்கோ புத்தகங்களைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் "மொத்தமா எவ்வளவு சொல்றீங்க?" என்றார். அந்தக் குரலிலேயே புரிந்துவிட்டது. சோவியத் ஒன்றியம் போனதோடு அந்த அச்சும் நின்றுவிட்டதால், படம் போட்ட சிறுவர் கதைகளைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. அந்தக் கட்டை மட்டும் திரும்ப எடுத்து வந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

மேல்தட்டில் துணியில் சுற்றிய மூன்று தடியான பைண்டிங். 'பொன்னியின் செல்வன்', 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த தொடர். பாட்டி வாராவாரம் கிழித்துச் சேர்த்தது. ஐந்து பாகத்தில் இரண்டைக் காணோம்.

கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது. நாவலை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், மலிவுப் பதிப்பு தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. ஆனால் இதில் மணியத்தின் படங்கள் அந்தந்த வாரத்து இடத்திலேயே இருக்கின்றன. பைண்டர் ஓரம் வெட்டியதில் ஒரு குதிரைக்கு வால் போய்விட்டது. பின்பக்கங்களில் கூந்தல் தைல விளம்பரம், பாதி நகைச்சுவைத் துணுக்கு. நடுவில் ஒரு வாரம் இதழ் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அந்த அத்தியாயத்தைப் பாட்டி கோடு போட்ட தாளில் நீல மையால் முழுசாக எழுதித் தைத்திருக்கிறார். படம் வரவேண்டிய இடத்தில் ஒரு காலிக் கட்டம்.

பாரதி சாலைக்காரருக்குப் போனில் படம் அனுப்பினேன். "கையெழுத்துப் பக்கம் இருக்கே, ரேட் குறையும் சார்."

நவம்பர் 15, சனி

அடையாறு பக்கம் ஒரு சின்னப் புத்தகக் கடை. புதுசு விற்றாலும் ஒரு அலமாரி பழசுக்கு. பதிப்பகம் 30 சதவீதம் போலக் கழிவு தருகிறது, அதில் 10 சதவீதத்தை வாடிக்கையாளர் உரிமையோடு கேட்கிறார், மிச்சத்தில் வாடகை, கரண்ட், சம்பளம் என்றார் கடை நடத்தும் அம்மா. அச்சிட்ட விலைக்கு மேல் புதுப் புத்தகத்தை விற்க வழியில்லை. பழசுக்கு மட்டும்தான் விலையை அவரே வைக்க முடிகிறது. அந்த அலமாரி தயவில்தான் கடை ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

கையெழுத்துப் பக்கங்களை இரண்டு முறை புரட்டினார். "இதுக்குத்தான் சார் விலையே." கால் பங்கு கமிஷன் பேசி மூன்றையும் விட்டு வந்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

மதுரைக்காரர் ஒருவர் 6,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். கமிஷன் போக 4,500. புத்தகங்களுக்கென்று இந்த மே மாதம் தபால்துறை ஆரம்பித்த ஞான் போஸ்டில் 5 கிலோவே 100 ரூபாய்தானே என்று அந்த அம்மா கேட்டுப் பார்த்தாராம். அச்சகமோ பதிப்பகமோ பேர் இருக்கவேண்டும், விளம்பரம் இருக்கக் கூடாது. பாட்டியின் பைண்டிங்கில் முன்னது இல்லை, பின்னது நிறைய. கடைசியில் சாதாரண பார்சல்தான்.

பெரியம்மாவிடம் தொகையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த ரெண்டு பாகத்தைப் படிச்சிட்டுத் தரேன்னு வாங்கிட்டுப் போனது உன் அத்தைதான். நாளைக்கே போன் பண்றேன்."