கல்லறைக் கொடிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரிய அனுபவம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) நிர்வாகத்தின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். போரில் உயிர்நீத்த வீரர்களுக்காக மே மாதக் கடைசித் திங்களன்று வரும் நினைவு நாளுக்கு, கவுண்டி எல்லைக்குள் அடக்கமாகியிருக்கும் முன்னாள் படைவீரர்களின் கல்லறைகளுக்கு அமெரிக்கத் தேசியக் கொடி வாங்கித் தருவது இங்கே சட்டப்படி கவுண்டியின் கடமை. கல்லறை கல்லறையாகச் சென்று நடுபவர்கள் அமெரிக்கன் லீஜன் போன்ற படைவீரர் சங்கத்தினர்.

அந்தக் கொடிகள் அமெரிக்காவிலேயே தைத்தவையாக இருக்க வேண்டும் என்று சங்கத்துப் பெரியவர்கள் வெகுகாலமாகக் கேட்டுவந்தார்கள். யாரும் மறுக்கவில்லை, ஆனால் காரியமும் நடக்கவில்லை. காரணம் எங்கள் விதியில் இருந்தது. தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் கொடுக்க வேண்டும். உறையைப் பிரித்த பிறகு "இது வெளிநாட்டுச் சரக்கு, வேண்டாம்" என்று தள்ள முடியாது. எங்கள் பழைய விவரக்குறிப்பிலோ 12க்கு 18 அங்குலக் கொடி, 30 அங்குல மரக்கம்பு, பொன்னிற ஈட்டிமுனை என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

2024 ஜூலையில் கையெழுத்தான சட்டம் இதைத் தீர்த்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மத்திய அரசு வாங்கும் கொடிகள் முழுக்க உள்நாட்டுப் பொருளால் உள்நாட்டிலேயே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். முன்பு பாதி இருந்தால் போதும். நல்ல சட்டம்தான். ஆனால் கவுண்டி தன் பணத்தில் வாங்கும் கொடியை அது கட்டுப்படுத்தாது. விவரக்குறிப்பை நாங்களேதான் மாற்றி எழுத வேண்டியிருந்தது.

எழுத உட்கார்ந்தபோது கிடைத்த ஒரு தகவலை இன்னும் மறக்க முடியவில்லை. என்ன நூல், எந்த நாடு என்று துணிப் பொருள்களில் சீட்டு வைக்கச் சொல்லும் மத்திய விதி, கொடிகளைப் பொறுத்தவரை தலைப்பட்டை (கொடியைக் கட்டும் ஓரத்தில் தைக்கும் தடித்த பட்டை) வைத்துத் தைத்தவற்றுக்கும் 216 சதுர அங்குலத்துக்கு மேற்பட்டவற்றுக்கும் மட்டுமே பொருந்தும். 12ஐ 18ஆல் பெருக்கிப் பாருங்கள். சரியாக 216! கம்பில் சுற்றிய கல்லறைக் கொடிக்குத் தலைப்பட்டையும் கிடையாது. ஆக, அந்த விதி அதைத் தொடாது. எங்களுக்கு வந்த மாதிரிகள் சிலவற்றில் நாட்டின் பெயர் பெட்டியின் மேல் மட்டுமே அச்சாகியிருந்தது. 144 கொடிகள் கொண்ட பெட்டியைப் பிரித்துச் சங்கங்களுக்குக் கட்டுக்கட்டாகக் கொடுத்துவிட்டால், நடுகிறவர் கையில் இருக்கும் கொடி எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

ஆகவே சொற்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தோம். துணி, நூல், சாயம், கம்பு, ஈட்டிமுனை ஒவ்வொன்றும் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும். சான்றாக அமெரிக்கக் கொடி உற்பத்தியாளர் சங்கத்தின் சான்றிதழ் அல்லது உற்பத்தியாளர் கையொப்பமிட்ட உறுதிமொழி வேண்டும். கவுண்டி வழக்கறிஞர் "அமெரிக்கத் தரம்" போன்ற வழவழப்பான தொடர்களையெல்லாம் அடித்துவிட்டார். அவர் செய்தது சரி. அப்படி ஒரு தொடர் இருந்தால் அதற்குள் எதையும் நுழைக்கலாம்.

கம்பையும் சேர்த்தது வீண் பிடிவாதம் என்று சிலர் சொன்னார்கள். மாதிரியோடு வந்த கடிதம் ஒன்றில் துணி இங்கே அச்சானது, கம்பு இறக்குமதி என்று நேர்மையாகவே எழுதியிருந்தார்கள். மரம் செழித்த இந்த மாநிலத்தில், படைவீரரின் தலைமாட்டில் ஊன்றும் ஒரு குச்சிக்குக் கடல்கடந்து போவதா? நான் விட்டுக்கொடுக்கவில்லை. இங்கே செய்ய ஆளில்லை என்ற வாதமும் நிற்காது. 1847இல் தொடங்கிய ஆனின் நிறுவனம் இன்றும் அமெரிக்காவில் கொடி தைக்கிறது.

விலை கூடத்தான் செய்தது. கவுண்டியை நிர்வகிக்கும் ஆணையர்கள் பொதுக்கூட்டத்தில் காரணம் கேட்டார்கள், விளக்கினோம், ஒப்புதல் தந்தார்கள்.

இதே முயற்சியில் இறங்குபவர்கள் இலையுதிர் காலத்திலேயே சங்கங்களிடம் கல்லறைத் தோட்டவாரியாக எண்ணிக்கை வாங்கிவிடுங்கள். நினைவு நாளும் சுதந்திர தினமான ஜூலை 4உம் அடுத்தடுத்து வருவதால் வசந்தத்தில் தையற்கூடங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. சரக்கு வந்ததும் மேல் பெட்டியை மட்டும் பார்க்காமல் அடியில் இருப்பதையும் திறந்து, சான்றோடு ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கொடியைச் செருகும் உலோகத் தாங்கிகளையும் கவுண்டிதான் வாங்குகிறது. அவற்றுக்கான விவரக்குறிப்பில் உற்பத்தி நாடு பற்றி இன்னும் ஒரு வரிகூட இல்லை. அடுத்த ஒப்பந்தப்புள்ளிக்கான வரைவில் அந்தப் பத்தியைச் சேர்த்து வழக்கறிஞருக்கு அனுப்பியிருக்கிறேன்.