கணித சேரின் மேசை

கணித சேர் காலமான செய்தி எங்கள் பழைய மாணவர் குழுவில் வந்த நாளிலிருந்து எல்லோரும் அவருடைய பெறுபேறுகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளையை அவர் நடத்திய விதத்தை நான் எழுத வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில், காலைக் கூட்டத்தில் என் பெயர் கூப்பிடப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தவணையில் நான் கொடுக்காத பயிற்சிகளை வரிசையாக வாசித்து, “பொறுப்பில்லாத பிள்ளைக்கு இதுதான் இலட்சணம்” என்றார்கள். முழு மண்டபமும் சிரித்தது. கணக்குகள் எனக்குத் தெரியும். பல நாட்களில் செய்து முடித்த கொப்பி வீட்டு மேசையிலேயே கிடந்துவிடும். மற்ற நாட்களில் கொப்பியைத் திறந்துவைத்து, முதல் வரியை எழுத முடியாமல் இரவு வெகுநேரம் உட்கார்ந்திருப்பேன். தெரிந்தும் செய்யாதவளைச் சோம்பேறி என்றுதானே சொல்வார்கள்?

அடுத்த நாள் கடைசி மணி அடித்ததும் சேர் கூப்பிட்டார். “பிள்ளை, உமக்கு எந்த இடத்தில தடக்குது?”

அதுவரை எல்லோரும் ஏன் என்றுதான் கேட்டிருந்தார்கள். அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. எந்த இடத்தில் என்பதற்கு இருந்தது: தொடங்கும்போது, பிறகு கொண்டுவரும்போது. இரண்டையும் மாற்றுவோம் என்றார். முதல் கணக்கை அவர் மேசைக்குப் பக்கத்தில் நின்று எழுதிவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போகலாம். கொப்பி அவருடைய அலுமாரியில் இருக்கும், வீட்டுக்குத் தனித்தாள். ஆனால் ஒரு கணக்கைக்கூட அவர் குறைக்கவில்லை. தாள் வராத நாளில் இடைவேளையில் இருந்து செய்ய வேண்டும். அவர் இரக்கம் காட்டாத அந்த இடத்துக்குத்தான் நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

நாற்பது வயதைக் கடந்தபின், மகளைப் பரிசோதிக்கப் போன இடத்தில் எனக்கும் ஏடிஎச்டி (கவனத்தையும் செயலையும் ஒழுங்குபடுத்துவதில் மூளை வேறு விதமாக இயங்கும் நிலை) என்று தெரிந்தது. குடும்பங்களில் வலுவாகத் தொடர்வது அது. துள்ளித் திரியாமல் கவனம் மட்டும் நழுவும் பிள்ளைகளுக்கும் இது உண்டு என்று அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இலேயே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அமைதியாக யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளைகள் இன்னமும் கண்ணில் படாமல் போகிறார்கள். ஒரு வேலையைத் தொடங்குவது, நேரம் ஓடுவதை உணர்வது, செய்யவேண்டியதை மனத்தில் வைத்திருப்பது எல்லாம் எங்களுக்கு வேறு விதமாக நடக்கின்றன. அறிவுரை அங்கே எட்டாது. இடத்தை மாற்றினால், பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால், வேலை நடக்கும். மருத்துவர் சொல்லித் தந்தவற்றில் பாதி, சேர் ஏற்கெனவே செய்தவை.

மூளை அப்படி, என்ன செய்வது என்று கைவிரிப்பதையும் நான் ஏற்கமாட்டேன். நான் பிந்தி வந்தால் காத்திருந்தவரின் நேரம் போனது போனதுதான். மகளிடமும் அதைச் சொல்லித்தான் வளர்க்கிறேன். ஆனால் பொறுப்பாக இரு என்று கேட்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. மேடையில் பட்டியல் வாசித்ததால் ஒரு பயிற்சிகூட அதிகமாக வந்து சேரவில்லை.

பக்கத்துப் பிரிவில் என்னைப்போலவே பெயரெடுத்த ஒருத்தி பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அவளுக்குச் சேரிடம் படிக்கக் கிடைக்கவில்லை.

நான் பட்டம் முடித்தபோது, “இங்கயே வந்து படிப்பியும் பிள்ளை, இப்படிப் பிள்ளையளை உமக்கு விளங்கும்” என்றார். விசா வந்தது, புறப்பட்டுவிட்டேன். இங்கே வாழ்க்கை நன்றாகவே அமைந்தது. அந்த வகுப்பறைகளில் எந்த இடத்தில் தடக்குது என்று கேட்க இப்போது யார் இருக்கிறார்களோ. நான் இருந்திருக்கலாம்.